ஆகாயம் கடத்திய தம்பி

உடும்பஞ்சோலை
9-2-2025

பாசமுள்ள குப்பண்ணன் அண்ணனுக்கு,

பாண்டீஸ்வரன் எழுதுவது. கவரின் பின்பக்கம் சுந்தரம் என்று இருக்கும். அதுவும் நான்தான். இங்கே ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிற ரூமுக்கு விறகு தள்ளும் வேலை. முதலாளிக்கு நான் சுந்தரம். என் போனை வரும் வழியில் ஆற்றில் போட்டேன். உங்கள் போனைப் போலீஸ் எடுத்துப்போயிருக்கும். அதனால்தான் கடுதாசி.

நீங்கள் ஜாமீனில் வெளியே வந்ததைப் பேப்பரில் படித்தேன். சந்தோஷம்.

என் மேல் கோபமாக இருப்பீர்கள். கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள், தப்பு யார் மேல்? உங்கள் மாட்டுக் கொட்டகையின் மூலையில் ஒரு கறுப்புக் கல்லைச் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. மாட்டுப் பொங்கலன்று சாக்கை விலக்கி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கரும்பு சாத்தி, பட்டிச் சாமியாக்கியது மதினி. படம் எடுத்து வாட்ஸப்பில் சுற்ற விட்டது உங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அந்தக் கல்லை, "உலகத்துல நாலே நாலுதான் விழுந்திருக்கு சார்" என்று சொல்லி கோயமுத்தூர் மில்காரர் ஒருவர் தலையில் கட்ட மூன்று மாதம் பாடுபட்டிருந்தேன். அவர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். அவர் வாங்கப்போகிற ஆகாயக் கல்லுக்கு முன்னால் உங்கள் செவலை மாடு சாணி போட்டுக்கொண்டு நிற்கிறது. நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

ரேஷன் அரிசி கடத்தியிருக்கிறேன், ஸ்பிரிட் கடத்தியிருக்கிறேன். ஏலக்காயைப் பால் கேனில் வைத்துக்கூடக் கடத்தியிருக்கிறேன். எதிலும் மாட்டாதவன், ஆகாயத்தைக் கடத்தும்போது ஒரு குங்குமப் பொட்டில் கவிழ்ந்தேன்.

ஒரே ஒரு உதவி. தீவனத் தொட்டிக்குப் பின்னால் ஒரு ரெக்சின் பை இருக்கிறது. இரண்டு சின்னக் கற்கள். பொள்ளாச்சியிலிருந்து இங்கே தேங்காய் ஏற்றி வரும் லாரியில் கொடுத்துவிடுங்கள். யாராவது என்னைக் கேட்டால் ஆந்திரா பக்கம் போய்விட்டான் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாண்டீஸ்வரன்

மீனாட்சிபுரம்
17-2-2025

திரு. பாண்டீஸ்வரன் என்கிற சுந்தரம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ரெக்சின் பையை என் மகள் யோகப்பிரியா போன மாதமே ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டாள். லாரிக்காரரைக் காக்க வைக்க வேண்டாம்.

தப்பு யார் மேல் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மேல்தான். மாட்டுத் தீவன ஏஜெண்டு என்று சொல்லிக்கொண்டு வந்தவர் மூன்று மாதத்தில் ஒரு மூட்டைத் தீவனம் விற்காததைப் பார்த்தும் சந்தேகப்படாதவன் நான். கொட்டகையை ஒட்டிய ரூமைக் கொடுத்து, காலையில் காப்பியும் கொடுத்து, "தம்பி, யாவாரம் மெதுவாத்தான் சூடு புடிக்கும்" என்று ஆறுதலும் சொன்னேன். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். நிறுத்தியது நானல்ல, கணக்கு வாத்தியார்.

கல்லைச் சாமியாக்கினது என் சம்சாரம்தான். ஆனால் அதற்காக யாரும் என்னைப் பிடிக்கவில்லை. பிடித்தது அந்தக் காகிதத்துக்காக. மாட்டு இன்சூரன்ஸ் என்று சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கினீர்களே, அது. மலையாளத்தில் அச்சடித்திருந்தது. நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். கரண்டு ஆபீஸ், வில்லேஜ் ஆபீஸ், பேங்க், எல்லா இடத்திலும் முப்பது வருசமாக மலையாளக் காகிதத்தின் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டே பிழைத்தவன். கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் பக்கத்துத் தமிழர்கள் எல்லாரும் அப்படித்தான். வாசிக்கத் தெரிந்தவன் சொல்கிற இடத்தில் போடுவோம்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. காகிதத்தை நீட்டி, "ஒப்பிட்டது நீயல்லே?" என்றார், கையெழுத்துப் போட்டது நீதானே என்று. ஆமாம் என்றேன். பெருமையாகவே சொன்னேன், கையெழுத்து நன்றாக விழுந்திருந்தது. பிறகு யோகா வாங்கி வாசித்துத் தமிழில் சொன்னாள். அது சத்தியவாங்மூலமாம், அதாவது பிரமாணப் பத்திரம். போன அக்டோபர் ஆறாம் தேதி என் சோளக்காட்டில் தீயோடு ஒரு கல் விழுந்ததை நான் கண்ணால் கண்டேனாம். அதை விற்க நானே உங்களை ஏஜெண்டாக வைத்தேனாம்.

"ஏனுங்கப்பா, மாட்டு இன்சூரன்ஸ்னுதானே சொன்னீங்க? இதுல மாடுங்கற வார்த்தையே இல்லீங்களே."

அப்புறம் பதினாலு நாள் சப் ஜெயில்.

போலீஸ் கணக்குப்படி முதல் குற்றவாளி நான், நீங்கள் என் கையாள் என்று என் வக்கீல் டின்சி அம்மா சொல்கிறார். நான் ஒன்றும் அறியாதவன் என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் விறகு தள்ளிக்கொண்டிருக்கிறார். உங்கள் விலாசத்தைப் போலீசில் கொடுக்கலாமா என்று வக்கீலைக் கேட்டேன். பிடிபட்டு வருகிறவன் தன் தலையைக் காப்பாற்ற என் தலையைக் காட்டுவான், தானே வந்தால்தான் உண்மை சொல்வான் என்றார். அதனால் கொடுக்கவில்லை. இதைப் பாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செவலை மாடு யாரையும் அண்ட விடுவதில்லை. உங்களிடம் மட்டும் எப்படிக் கறந்தது? ஜெயிலிலிருந்து வந்த மறுநாள் தொடையில் உதைத்தது. நொண்டிக்கொண்டிருக்கிறேன். போலீஸ் அடி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். திருத்தவில்லை, மாடு உதைத்தது என்பதைவிட அது கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது.

இப்படிக்கு,
குப்பண்ணன்

உடும்பஞ்சோலை
3-3-2025

அண்ணனுக்கு,

பையை ஒப்படைத்துவிட்டீர்களே. இரண்டும் முதல் தரமான கல். போகட்டும்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் வந்து சொன்னால் என் மேல் பழைய கேஸ் நாலு இருக்கிறது, அதுவும் சேர்ந்து எழும்பும். உங்களுக்கு இது ஒன்றுதான். நல்ல வக்கீல் இருக்கிறார். ஊரில் பேர் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? ஆத்தா அப்பன் சூரியநெல்லி எஸ்டேட்டில் கொழுந்து பறித்தே போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது. ஓடுகிற கால் ஒன்றுதான் என் சொத்து.

நாம் ஒரு ஏற்பாட்டுக்கு வருவோம். செவலையைக் கறக்கிற சூட்சுமத்தை நான் எழுதுகிறேன். பதிலுக்குப் போலீஸ் என் படத்தைக் காட்டினால், இவன் அவனில்லை, அவன் இன்னும் குட்டை என்று சொல்லிவிடுங்கள். மதினியையும் அப்படியே சொல்லச் சொல்லுங்கள்.

பிரஷர் மாத்திரை தினமும் சாப்பிடுவீர்களே, ஜெயிலில் கொடுத்தார்களா?

பாண்டீஸ்வரன்

மீனாட்சிபுரம்
12-3-2025

பாண்டீஸ்வரன் தம்பிக்கு,

உங்கள் ஏற்பாட்டை வீட்டில் வாசித்துக் காட்டினேன். "குட்டையாமா? அவனக் குட்டைன்னு சொல்றதுக்கு நா எதுக்குங்க சாமி மேல பொய்ச் சத்தியம் பண்றேன்? நேர்ல வரச் சொல்லுங்க, நானே குட்டையாக்கி உடறேன்" என்றாள் சம்சாரம் செல்லாத்தாள். ஆக, ஏற்பாடு இல்லை. மாடு உதைக்கட்டும்.

மாத்திரை இரண்டு நாள் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் யோகா சீட்டோடு வந்து சத்தம் போட்டதும் கிடைத்தது. அதைப் பற்றிக் கேட்டவர் வீட்டுக்கு வெளியே நீங்கள் ஒருவர்தான். இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

உள்ளே என்னை ராக்கெட் அண்ணன் என்று கூப்பிட்டார்கள். "அண்ணே, அடுத்த கல்லு எப்ப விழும்?" என்று தினமும் ஒருத்தன் கேட்பான். மழை பெய்யட்டும் பார்க்கலாம் என்பேன். நானும் சிரிக்காவிட்டால் பதினாலு நாள் எப்படிப் போகும்?

இனி சிரிக்க முடியாத சங்கதி. கேஸ் ஏப்ரல் 22-ல் மறுபடி வருகிறது. நீங்கள் கிடைக்காவிட்டால் என்னை வைத்தே குற்றப்பத்திரிகை போடுவார்களாம். கையெழுத்து என்னுடையது, கல் என் கொட்டகையில், மில்காரர் கொடுத்த முன்பணம் எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டு மூன்று வருசம் உள்ளே இருக்க நேரலாம் என்று வக்கீல் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

ஐந்து மாடுகள். செல்லாத்தாளுக்கு முழங்கால் மடக்க முடியாது. யோகா காலேஜை விட்டுவிட்டுக் கறக்கிறேன் என்கிறாள். உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. உங்கள் கால் உங்கள் சொத்து. இதை யாரிடமாவது எழுத வேண்டும் போல இருந்தது, உங்களுக்கு எழுதிவிட்டேன்.

குப்பண்ணன்

உடும்பஞ்சோலை
30-3-2025

அண்ணே,

முதலில் செவலை. பதிலுக்கு ஒன்றும் வேண்டாம். அதை நீங்கள் பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கினீர்கள் அல்லவா, அங்கே யாரோ இடது கைக்காரன் கறந்து பழக்கியிருக்கிறான். நானும் இடது கை. எல்லா மாட்டுக்கும் வலப்பக்கம் உட்கார்வது போல அதற்கும் உட்கார்கிறீர்கள், மிரளுகிறது. இடப்பக்கம் உட்காருங்கள். யோகாவைக் கறக்க விடாதீர்கள். படிக்கட்டும்.

அடுத்து ஒன்று சொல்ல வேண்டும். கோபப்படுவீர்கள்.

போன வியாழக்கிழமை நான் மீனாட்சிபுரம் வந்தேன். போடி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்தேன். நேரே உங்கள் வீட்டுக்கு வந்து, உங்களோடு வக்கீல் வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் நினைப்பு. பால் சொசைட்டிக்கு எதிரே டீக்கடையில் ஒரு டீ சொன்னேன். நீங்கள் டி.வி.எஸ்ஸில் கேனோடு வந்தீர்கள். நொண்டிக்கொண்டு கேனை இறக்கினீர்கள். சொசைட்டி வாசலில் நின்ற ஒருத்தன், "என்னங்ண்ணா, பாலு சொசைட்டிக்குங்களா, இல்ல நெலாவுக்குங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "நெலாவுல பாலுக்குக் கொழுப்பு அளக்கறதுக்கு ஆளில்லீங்க, அதான் இங்கயே ஊத்தறேன்" என்று நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு, கேனைத் திறக்கிறபோது மூடி கையிலிருந்து நழுவி உருண்டது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நீங்களே பின்னால் போய் எடுத்தீர்கள்.

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்புகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

போலீசுக்குப் பயந்து என்று நினைக்க வேண்டாம். அதுவும் உண்டு. ஆனால் அந்த மூடியை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் கூட இல்லாமல் செய்தவன் நான்தானே. எந்த முகத்தை வைத்துக்கொண்டு முன்னால் வருவது?

பாண்டி

மீனாட்சிபுரம்
6-4-2025

பாண்டீஸ்வரனுக்கு,

இருபது அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். டீ குடித்திருக்கிறீர்கள். என் மூடி உருண்டதைப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்துவிட்டு ஊருக்குப் போய்ப் பரிதாபமாகக் கடிதம் எழுதுகிறீர்கள்.

உங்கள் பரிதாபத்தை வைத்து நான் என்ன செய்ய? கோர்ட்டில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா? வராமலே இருந்திருந்தால் மலையில் ஒரு பயந்தாங்கொள்ளி இருக்கிறான் என்று விட்டிருப்பேன். வந்து பார்த்துவிட்டுத் திரும்பினதைத்தான் தாங்க முடியவில்லை.

மாடு கறக்கிறது. அதற்கு நன்றி. 22-ஆம் தேதிக்குப் பிறகு இந்த விலாசத்தில் நான் இருப்பேனா தெரியாது. எனக்கு இனி எழுத வேண்டாம்.

குப்பண்ணன்

சப் ஜெயில்
27-4-2025

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். கோர்ட்டில் உங்களோடு பேசவும் விடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

22-ஆம் தேதி நானே வந்து கோர்ட் வராந்தாவில் ஏறியபோது நீங்கள் வக்கீல் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தீர்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

உள்ளே நடந்ததில் கஷ்டமானது எது தெரியுமா? உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னது சுலபம். காகிதத்தை நானே எழுதிக்கொண்டுவந்து மாட்டு இன்சூரன்ஸ் என்று ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினேன், முன்பணத்தைச் சீட்டாட்டத்தில் தொலைத்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். ஆனால் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். பதினைந்து வருசமாக எல்லையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு அண்ணே, பாண்டி எதையும் கடத்துவான் என்று. ஆகாயத்திலிருந்து வந்ததைக் கடத்தினவன் என்று உள்ளே போனால்கூட ஒரு மரியாதை. அது இரும்புப் பட்டறையில் உருக்கி மிச்சமாகிக் கொட்டுகிற கசடு, குப்பையிலிருந்து எடுத்து ஷூ பாலிஷ் போட்டேன் என்று மில்காரர் முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மில்காரர் சிரிக்கவில்லை.

ஸ்டேஷனில் இருந்தபோது என் பழைய கூட்டாளி ஒருத்தன் ஆள் அனுப்பினான். குப்பண்ணனும் உடந்தை என்று ஒரு வார்த்தை சொன்னால் பாரம் பாதியாகும், வெளியே எடுக்க நான் ஏற்பாடு பண்ணுகிறேன் என்று. முன்னே என்றால் யோசித்திருக்கக்கூட மாட்டேன், சரி என்றிருப்பேன். இந்த முறையும் யோசிக்கவில்லை, முடியாது என்றேன்.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. இங்கே ஒரு ஆள் கேட்டான், "நீதானா ராக்கெட் அண்ணனோட ஆளு?" என்று. ஆமாம் என்றேன்.

பாண்டி

மீனாட்சிபுரம்
8-5-2025

பாண்டித் தம்பிக்கு,

கண்ணாடி போட்டுப் பார்த்தது நம்பாமல்தான். அந்த நேரத்தில் என் உடம்பில் இருந்த பிரஷருக்கு மாத்திரைக் கடையே போதாது.

என் பெயரைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடுத்துச் சாட்சியாக்குகிறார்கள். ஆனால் இது பாதிதான் என்கிறார் வக்கீல். விசாரணை நடந்து முடிகிற வரை நீ இருக்க வேண்டும். நடுவில் காணாமல் போனால், கையெழுத்துப் போட்டவன் என்று மறுபடி என்னிடம்தான் வருவார்களாம்.

உனக்கு ஜாமீன் கொடுத்துவிட்டது கோர்ட்டு. நிலத்துக்கு வரி கட்டிய, இங்கே கரமடைத்த என்பார்கள், அந்த ரசீதோடு இரண்டு நிலக்காரர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். உனக்கு யாரும் இல்லை என்று வக்கீல் சொன்னார். சாட்சி என்பதால் நான் போடக் கூடாதாம். இதை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். செல்லாத்தாள் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். அவள் அப்பா அவளுக்கு எழுதி வைத்த ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பின் ரசீதை எடுத்து வந்தாள்.

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க. இது எங்கூட்டுக் காடு."

"நா ஒண்ணுமே பேசலியே."

"பேசற மூஞ்சி வெச்சிருக்கீங்க."

இன்னொரு கையெழுத்துக்கு அவள் அண்ணனிடம் பேசப் போகிறாள். பேசுவது என்று நான் எழுதியிருக்கிறேன், உண்மையில் மிரட்டுவாள்.

குப்பண்ணன்

சப் ஜெயில்
15-5-2025

அண்ணே,

மதினியை நிறுத்துங்கள். இந்தக் கடிதம் கிடைத்ததும் முதல் வேலையாக நிறுத்துங்கள்.

என்னை எனக்குத் தெரியும். கோர்ட்டுக்கு வருகிற அன்று காலையில்கூடப் பொள்ளாச்சியில் இரண்டு தடவை திரும்புகிற பஸ்ஸில் ஏறி இறங்கினேன். உடும்பஞ்சோலையிலும் சரி, தேனியிலும் சரி, ஒரு இடத்தில் எட்டு மாதம் தாண்டி நான் இருந்ததில்லை. யாரும் துரத்தாவிட்டாலும் கால் கிளம்பிவிடும். உள்ளே இருந்தால் கம்பி பார்த்துக்கொள்ளும், நீங்களும் பத்திரம். வெளியே விட்டால் ஒரு ராத்திரி எந்த லாரியில் ஏறுவேன் என்று எனக்கே உத்தரவாதம் இல்லை. ஏறினால் மதினியின் தோப்பும் போகும், நீங்களும் உள்ளே போவீர்கள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தருக்கு நல்லது செய்திருக்கிறேன். அதைக் கெடுக்கிற வாய்ப்பை எனக்குத் தராதீர்கள். விசாரணை முடிகிற வரை நான் இங்கேயே இருக்கிறேன். சாப்பாடு மோசமில்லை.

பாண்டி

மீனாட்சிபுரம்
20-5-2025

பாண்டிக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அது வருவதற்குள் செல்லாத்தாள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவள் அண்ணனும் போட்டார், மிரட்டலுக்கு அரை மணி நேரம்தான் தாங்கினார்.

இருந்தாலும் நீ எழுதியதை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினேன். அவளுடைய தோப்பு, அவளுக்குத் தெரிய வேண்டும். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஓடறவன் எவனாச்சும் முன்கூட்டியே, நா ஓடீருவேன், என்ன நம்பாதீங்கன்னு லெட்டர் போடுவானுங்களா?"

"போடமாட்டானுங்க."

"அப்பறம் என்ன? அவனுக்குப் பயமா இருக்குது. பயத்துக்குச் செயில்லயே இருந்தா ஆச்சா?"

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. நீ சொன்னபடியே ஒரு நாள் உன் கால் கிளம்பிவிடலாம். அன்றைக்கு நான் உள்ளே போவேன், தோப்பு போகும், யோகா என்னை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள். இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதுகிறேன். பெரிய மனசு என்று நினைத்துவிடாதே. இவ்வளவு யோசித்தும் வேறு முடிவு எடுக்கத் தெரியாத ஆள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் விடுவார்களாம். ஜெயில் கேட்டுக்கு வெளியே வந்தால் இடது பக்கம் பஸ் ஸ்டாப்பு. பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் கால் மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. வலது பக்கம் புளிய மரத்தடியில் நான் டி.வி.எஸ்ஸோடு நிற்பேன். கூப்பிட மாட்டேன், கையும் காட்ட மாட்டேன். கண்ணாடி மட்டும் போட்டிருப்பேன்.

குப்பண்ணன்